ரெஞ்சின் கடைசிச் சொல்

இரும்புக்கும் மரத்துக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் துப்பாக்கியின் பாகங்களைப் பூட்டித் தரும் சடையாண்டியின் பட்டறையில் ஒரு ரெஞ்சு இருந்தது. திருகாணியை முடுக்கும்போது அந்த இறுக்கம் அதன் கழுத்து வரை ஏறும். அளவு வந்ததும் "போதும்" என்று சொல்லும்.

சடையாண்டி நிறுத்தமாட்டார். அவர் வீட்டில் முதல் தடவை சொல்லும் 'போதும்' கணக்கிலேயே வராது. விருந்தாளி போதும் என்றால் இன்னொரு கரண்டி போட வேண்டும், அதுதான் மரியாதை. "கூச்சப்படாதே" என்று ரெஞ்சையும் தட்டிக்கொடுத்து இன்னும் அரைச் சுற்று முடுக்குவார்.

காட்டுப்பன்றியிடமிருந்து தினைப் பயிரைக் காத்துவந்த பெருமாயியின் துப்பாக்கியையும் அப்படித்தான் பூட்டினார். குழலைத் தாங்கும் தேக்குக் கட்டை ரெஞ்சிடம் முனகியது.

"அண்ணே, நெஞ்சு நெரியுது. அந்த மனுசங்கிட்ட சொல்லேன்."

"போதும்! நெசமாவே போதும்!" என்றது ரெஞ்சு.

"எங்க மச்சானும் இப்படித்தான் சொல்வாரு. அப்புறம் சட்டியையே வழிப்பாரு" என்று சிரித்தார் சடையாண்டி. கட்டைக்குள் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது.

மறுநாள் பெருமாயி துப்பாக்கியைக் கொண்டுவந்து பலகையில் போட்டாள்.

"பன்னியைப் பாத்துச் சுட்டேன். என் மாட்டுக் கொம்பு பறந்துருச்சு. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா மாடே போயிருக்கும். என்னத்தய்யா பூட்டினீரு?"

கட்டை நீளவாக்கில் பிளந்திருந்தது. ரெஞ்சு அதைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

சடையாண்டி ரெஞ்சின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே."

"போதும்னுதானே சொன்னே!"

பலாவில் புதுக் கட்டை செதுக்கினார். அது தயாரான அன்று பெருமாயியை வரச்சொல்லி, பட்டறையிலேயே இலை போட்டார். பலகை மேல் கிடந்த பலாக் கட்டை ரெஞ்சிடம் மெதுவாகக் கேட்டது: "எனக்கும் அப்படித்தானா?"

ரெஞ்சு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போதும்யா" என்றாள் பெருமாயி. ஒரு கரண்டி விழுந்தது.

"போதும்ங்கிறேன்ல?" இன்னொரு கரண்டி விழுந்தது.

அவள் குனிந்து இரண்டு கைகளையும் இலையின் மேல் விரித்து மறைத்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

சாப்பாடு முடிந்ததும் சடையாண்டி பூட்ட உட்கார்ந்தார். ஆணி இறங்கியது. இறுக்கம் ரெஞ்சின் கழுத்துக்கு ஏறியது. அளவும் வந்தது. ரெஞ்சு போதும் என்று சொல்லவில்லை. அவர் கை மேலும் அழுத்த வந்தபோது, அது தன் கழுத்தைத் தானே முறித்துக்கொண்டது.

டக்.

பிடி துவண்டது. கை நின்றுவிட்டது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சடையாண்டி பதறி.

ரெஞ்சு சொல்லப் பார்த்தது. குரல் வரவில்லை, கழுத்தோடு அதுவும் போயிருந்தது. பலாக் கட்டைதான் சொன்னது: "எனக்கு வலிக்கலை, அண்ணே."

சடையாண்டி ரெஞ்சின் பிடியைத் தளர்த்தி, துணி விரித்துப் படுக்கவைத்தார். இன்றும் வேலை முடிந்ததும் பட்டறைகளில் அதை அப்படித்தான் வைக்கிறார்கள்.

அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான், திருகாணியை அளவோடு முடுக்கும் டார்க் ரெஞ்ச் பேசுவதை விட்டது. அளவு வந்ததும் ஒவ்வொரு முறையும் கழுத்தை முறித்துக்கொண்டு 'டக்' என்கிறது, அதற்கு மேல் முடுக்க எந்தக் கைக்கும் மனம் வருவதில்லை.