அறுபத்துநான்கு கண்ணிகள்

கோத்தகிரிக்கு மேற்கே, தேயிலைச் சரிவு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு மடம் இருந்தது. அங்கே துறவு கொள்ள வருபவருக்கு விதி ஒன்றுதான். காவி ஆடை பெறும் நாளில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எரிப்பதோ, யாருக்கேனும் கொடுப்பதோ, அது வந்தவருடைய விருப்பம்.

தணிகாசலம் மடத்துக்கு வந்து ஓராண்டு நிறைந்திருந்தது. வயது ஐம்பத்தைந்து. மடத்துத் தலைவரான அடிகளாரைவிட எட்டு வயது மூத்தவர். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உலர்த்தும் பிரிவில் வேலை பார்த்தவர். மனைவி செண்பகவல்லி காலமான மறு ஆண்டு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். தைப் பௌர்ணமியன்று அவருக்கு ஆடை கொடுப்பதாக அடிகளார் சொல்லியிருந்தார். காவி தோய்த்த துணி முற்றத்துக் கொடியில் தொங்கியது. உறைபனிக் காலமாதலால் அது எளிதில் காய்வதாக இல்லை.

தணிகாசலத்திடம் மிச்சம் இருந்தது ஒரு துணிப்பை மட்டுமே. அதைச் சமையலறைக்கு அடுத்த அறையில், ஓர் ஆணியில், சாயாமல் நிமிர்த்தி மாட்டியிருந்தார். ஒருவரையும் தொட விட்டதில்லை. மடத்துக்கு வந்த நாளில் பேருந்தில் அதை மடியில் வைத்து, இரு கைகளாலும் பிடித்தபடியே வந்தாராம். சமையல் பார்க்கும் வேலாயுதத்துக்கு அது ஓயாத வேடிக்கை.

"உள்ள என்னண்ணே, அடைகாக்கிற முட்டையா?" என்று கேட்பார்.

தணிகாசலம் எழுந்து போய்ப் பையை நிமிர்த்திவிட்டு வருவார்.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருக்கையில் அவர் அடிகளார் முன் போய் நின்றார்.

"சாமி, என் பையில் ஒரு ஜோடிக் காலுறை இருக்கிறது. கம்பளி நூலில் என் மனைவி பின்னியது."

"முழு ஜோடியா?"

"ஒன்று முழுமை. மற்றொன்று பாதி. பின்னிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். நான்கு ஊசிகளும் அதிலேயே நிற்கின்றன. ஊசி நழுவினால் அதில் கோத்திருக்கும் கண்ணிகள் பிரிந்துவிடும்."

அடிகளார் அவருடைய பாதங்களைப் பார்த்தார். பனியில் வெடித்து, வெடிப்புகளில் மண் ஏறிய பாதங்கள்.

"முழுமையானதை ஏன் அணியவில்லை?"

"ஒற்றைக் காலுறையை யார் அணிவார், சாமி?"

பிறகு, யாரும் கேளாமலே, தணிகாசலம் சொல்லத் தொடங்கினார். செண்பகவல்லியின் கையில் ஊசி இல்லாத பொழுதே இல்லை. உலை கொதிக்கும் நேரமும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நேரமும் அவளுக்குப் பின்னல் நேரம். தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றின் தலையிலும் அவள் பின்னிய குல்லா இருக்கும். மிச்ச நூல்களை முடிந்து முடிந்து பின்னுவதால் ஒன்றைப் போல மற்றொன்று இராது. பனி மூடிய காலையில் முகம் தெரியாவிட்டாலும், குல்லாவின் நிறத்தை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை வருகிறது என்று சொல்லிவிடலாம்.

அவருடைய காலுறைகள் மட்டும் எப்போதும் ஒரே சாம்பல் நிறம். ஜோடியில் ஒன்றின் உள்விளிம்பில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு இருக்கும். துவைக்கும்போது அடையாளத்துக்காக இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். விடியலில் அவர் வேலைக்குப் புறப்படுகையில், அடுப்போரம் உலர்ந்த காலுறைகளை எடுத்து நீட்டுவாள். காலை உள்ளே நுழைக்கும்போது விறகுப் புகை மணக்கும். வெதுவெதுப்பு விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை ஏறும்.

"அந்தச் சூடு எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார் அடிகளார்.

"சாலையின் இரண்டாம் வளைவு வரை இருக்கும், சாமி."

"அதற்குப் பிறகு?"

"அதற்குப் பிறகு நடந்த சூடு. தொழிற்சாலை போய்ச் சேரும்வரை அது போதும்."

அடிகளார் தலையசைத்தார்.

"எரிப்பதா, கொடுப்பதா? சாமியே சொல்லிவிட்டால் நல்லது."

"கொண்டு வாரும். பார்க்கலாம்."

நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார் தணிகாசலம். மறுநாள் கொண்டுவரவில்லை. அடிகளாரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் தோட்டத்துப் பெண்கள் கைக்குழந்தைகளுக்குத் திருநீறு பூசிக்கொள்ள வருவார்கள். அவர்களுக்குக் கஞ்சி கொடுப்பது மடத்தின் வழக்கம். அன்று கஞ்சி பொங்கி வழிந்து எரிவாயு அடுப்பின் துளைகள் அடைத்துக்கொண்டன. வேலாயுதம் குத்திவிட மெல்லிய கம்பி தேடினார். அடுத்த அறையில், ஆணியில் தொங்கிய பையின் வாயில் நான்கு கம்பிகள் பளபளத்தன. நான்கில் ஒன்று போனால் என்ன என்று அவர் நினைத்தார். ஒன்றை உருவி வந்து அடுப்பைக் குத்தத் தொடங்கினார்.

குடத்தோடு உள்ளே வந்த தணிகாசலம் அதைக் கண்டார். குடத்தை எங்கே வைத்தோம் என்பது அவருக்கே தெரியாது. ஓராண்டில் ஒரு முறையும் குரல் உயர்த்தாத மனிதர், வேலாயுதத்தின் தோள்துண்டைப் பற்றி முறுக்கினார். மற்றொரு கையை ஓங்கியும்விட்டார்.

"அடிச்சிருங்கண்ணே," என்றார் வேலாயுதம், கண்ணை மூடிக்கொண்டு. "என்ன ஏதுன்னு தெரியாம எடுத்துட்டேன்."

ஓங்கிய கை இறங்கியது. ஆனால் அது ஓங்கியது ஓங்கியதுதான்.

தணிகாசலம் அடிகளாரிடம் போனார்.

"சாமி, கொடியில் தொங்கும் துணியை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் அதற்கு உரியவன் அல்லேன்."

அடிகளார் நடந்ததைக் கேட்டறிந்தார். துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பையைக் கொண்டு வாரும்," என்றார்.

இம்முறை தணிகாசலம் கொண்டுவந்தார். பாதிக் காலுறையை வெளியே எடுத்து, தளும்பும் நீரைப் போல இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி நின்றார். மூன்று ஊசிகள் கண்ணிகளைத் தாங்கி நின்றன. நான்காம் ஊசி இருந்த இடத்தில் பதினாறு கண்ணிகள் வாய் திறந்து நின்றன.

"பிரிந்துவிட்டனவா?"

"இன்னும் இல்லை."

"எப்போது பிரியும்?"

தணிகாசலம் உள்ளங்கைகளை இன்னும் சற்றுக் குவித்தார்.

அடிகளார் குனிந்து இரண்டாம் ஊசியை மெல்ல உருவினார். தணிகாசலத்தின் தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. கைகள் அசையவில்லை. அசைந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம். அடிகளார் மூன்றாம் ஊசியை உருவினார். தணிகாசலம் கண்களை மூடிக்கொண்டார். கடைசி ஊசி பாயில் விழும் ஓசை கேட்டது.

"எண்ணும்," என்றார் அடிகளார்.

கண்ணைத் திறக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு உதடு அசைய எண்ணினார். எண்ணி முடித்து, நம்பாமல், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அறுபத்துநான்கு."

"அந்த அம்மாள் விட்டுச் சென்றது?"

"அறுபத்துநான்கு, சாமி."

"ஊசியா பிடித்துக்கொண்டிருந்தது?"

தணிகாசலம் பாயில் கிடந்த ஊசியைப் பார்த்தார்.

அப்போது பவளக்கொடி என்ற தோட்டத்துப் பெண் பிள்ளைகளோடு வாசலுக்கு வந்தாள். இடுப்பில் இருந்த மூத்த பிள்ளையின் தலையில் ஐந்து நிறக் குல்லா. மறு கையில் துண்டில் சுற்றிய, பிறந்து இருபது நாளான குழந்தை. திருநீறு பெற்றுக்கொண்டு நிமிர்ந்தவள், தணிகாசலத்தின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இது எங்க செண்பகவல்லி அக்கா கைவேலையாச்சே," என்றாள்.

மூத்த பிள்ளையை இறக்கிவிட்டு அருகில் வந்தாள். பின்னலைத் தொடாமல் உற்றுப் பார்த்தாள். குதிகாலுக்காகப் பின்னலைத் திருப்புவதற்கு முன்பே நின்றுபோயிருக்கிறது என்றாள். பிறகு பையிலிருந்து தெரிந்த முழுக் காலுறையின் விளிம்பைப் புரட்டி, சிவப்பு முடிச்சைக் கண்டு சிரித்துவிட்டாள்.

"இது எடது காலு. அண்ணனுக்கு எடது பாதம் கொஞ்சம் அகலம்னு நாலு கண்ணி கூடப் போடும் அக்கா. அதுக்குத்தான் இந்தச் செவப்பு. 'முப்பது வருசமா மனுசன் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுத் திரியுறாரு, இன்னும் கண்டுபிடிக்கலடி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லிட்டா அப்புறம் சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

தணிகாசலம் தம் பாதங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக் குனிந்து பார்த்தார். இடது பாதம் சற்று அகலமாகத்தான் இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் அதன்மேல் நின்றவர் அதை அன்றுதான் கண்டார்.

"மீதிய நான் முடிச்சுத் தரட்டாண்ணே? அக்கா கத்துக்குடுத்ததுதான். ரெண்டே நாள்ல ஜோடி சேர்ந்துரும்."

தணிகாசலம் அடிகளாரைப் பார்த்தார். அடிகளார் முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை தும்மியது. தலையைச் சுற்றியிருந்த துண்டு நழுவியது.

"இதற்குக் குல்லா இல்லையாம்மா?"

"பின்னி வைக்கிறதுக்குள்ள அவசரப்பட்டு வந்துட்டான். கொறமாசம்ணே. கடையில வாங்கினது கழுத்து வரைக்கும் எறங்குது."

தணிகாசலம் குழந்தையின் தலையைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலாயுதம், சாக்குத் தைக்கிற கோணூசி இருக்குமா?"

கதவுக்குப் பின்னால் நின்ற வேலாயுதம் ஓடிப்போய் எடுத்துவந்தார். கொடுக்கும்போது, கூர்முனையைத் தம் பக்கம் வைத்து நீட்டினார். தணிகாசலம் வாங்கிக்கொண்டு அவர் தோள்துண்டைச் சரிசெய்துவிட்டார்.

பின்னலில் தொங்கிய நூலை ஊசியில் கோத்தார். பவளக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் விட்டுவிடாமல் கண்ணி கண்ணியாகக் கோத்து வரச் சொன்னாள். தழும்பேறிய அந்தப் பெரிய விரல்கள் ஒவ்வொரு கண்ணியாகத் தேடிச் சென்றன. கஞ்சி ஆறியது. யாரும் எழுந்து போகவில்லை. அறுபத்துநான்காம் கண்ணியும் நூலில் ஏறியதும், "இப்ப இழுங்க," என்றாள்.

இழுத்தார். சுருக்குப் பையின் வாய் போல அது மூடிக்கொண்டது. காலுக்கென்று தொடங்கிய விளிம்பை வெளிப்புறமாக ஒரு மடிப்பு மடித்தாள் பவளக்கொடி. தணிகாசலம் அதைத் தம் கையாலேயே குழந்தையின் தலையில் அணிவித்தார். சரியாக இருந்தது. குழந்தை கொட்டாவி விட்டது.

"அண்ணே," என்றார் வேலாயுதம் மெதுவாக, "முட்டை பொரிச்சிருச்சு."

தணிகாசலம் சிரித்தார். மடத்தில் அவர் சிரித்து யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

கஞ்சி குடித்துப் பெண்கள் இறங்கிச் சென்றார்கள். ஒற்றையடிப் பாதையில் ஒரு சாம்பல் நிறக் குல்லாவும் ஓர் ஐந்து நிறக் குல்லாவும் தேயிலைச் செடிகளுக்கிடையே தெரிந்து மறைந்தன. அவை முற்றும் மறையும்வரை தணிகாசலம் வாசலில் நின்றார். பின்பு சிவப்பு முடிச்சிட்ட காலுறையோடு அடிகளாரிடம் வந்தார்.

"இது ஒன்று மிச்சம், சாமி. அடுப்பில் இடட்டுமா?"

"இடது காலில் இடும்."

தணிகாசலம் படியில் அமர்ந்து, வெடித்த பாதத்தைத் துடைத்துவிட்டு, காலுறையை மெல்ல ஏற்றினார். அகலம் அளந்தது போல் பொருந்தியது. எழுந்து நின்றார். ஒரு காலில் காலுறையும் ஒரு கால் வெறுமையுமாக நின்றார்.

"எவ்வளவு நாள் அணியலாம், சாமி?"

அடிகளார் முற்றத்தில் இறங்கி, கொடியில் தொங்கிய காவித் துணியைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"இரண்டாம் வளைவு வரை," என்றார்.