முள்ளம்பன்றி வாங்கிய குளுகுளு குகை

ஓடைக்கரைக் காட்டில் சடையப்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தது. அதன் மனைவி அங்கம்மைக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. அவர்கள் குடியிருந்த வளையோ, ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் வாசலுக்கு வெளியே போய்விடும் அளவுக்குச் சின்னது. மழைக்கு முன் நல்ல வீடு பார்த்தாக வேண்டும்.

"நம்ம பக்கம் நின்னு பேச ஓர் ஆள் வேணுங்க. உடும்பு அண்ணனைக் கேட்டுப் பாருங்க" என்றது அங்கம்மை.

இருவரும் உடும்பைத் தேடிப் போனார்கள். வீடு வாங்குகிறவர்களுக்காகப் பேரம் பேசுவதுதான் உடும்பின் தொழில். "எனக்கு ரெண்டு கரையான் புற்றைத் தோண்டிக் கொடு. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் நுழைஞ்சு பார்த்துச் சொல்றேன். விலையும் நானே பேசறேன்" என்றது.

சடையப்பன் முள்ளைச் சிலிர்த்தது. "வீட்டுக்கும் விலை கொடுக்கணும், உனக்கும் கூலி கொடுக்கணுமா? எனக்கென்ன கண்ணில்லையா, வாயில்லையா?"

திரும்பும் வழியில் மைனா எதிர்ப்பட்டது. அது கரடியின் தரகர். கரடி தன் பழைய குகையை விற்க நினைத்தது. விலை ஏற ஏற மைனாவுக்கு அத்திப்பழமும் ஏறும் என்று பேச்சு.

"வாங்கண்ணே! எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். எல்லாம் கரடியார் பார்த்துக்குவார்!" என்றது மைனா.

"பார்த்தியா அங்கம்மை, தரகர் இலவசம்!" என்று பூரித்தது சடையப்பன்.

உச்சி வெயிலில் குகையைப் பார்க்கப் போனார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"கோடையிலேயே இப்படின்னா பாருங்க!" என்றது மைனா. "சுவரைத் தொட்டுப் பாருங்க, என்ன வழவழப்பு! ஒரு முள் சிக்காது. தரையெல்லாம் பொடி மணல். பிள்ளைகளுக்கு மெத்தையே வேண்டாம்!"

"குகைக்குள்ளே இவ்வளவு மணல் எப்படி வந்துச்சு?" என்று அங்கம்மை கேட்டது.

"பக்கத்துலேயே ஓடை, தங்கச்சி! தண்ணிக்கு அலைய வேண்டாம்!"

சடையப்பன் மைனாவின் காதருகே குனிந்தது. அந்தக் காட்டில் கிழங்குதான் காசு. "உன்னை நம்பிச் சொல்றேன். நாப்பது கிழங்குக்கு முடிச்சா சந்தோஷம். அறுபது வரைக்கும் சேர்த்து வச்சிருக்கேன். அவளுக்கு நாள் நெருங்கிடுச்சு, உடனே குடிவந்தாகணும்."

"என் மனசோட வச்சுக்கறேண்ணே!"

மைனா நேராகப் பறந்துபோய்க் கரடியின் தோளில் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. "என்ன பொருத்தம் பாருங்கண்ணே! கரடியார் கேட்கிறதும் சரியா அறுபதுதான்!"

"நமக்காகவே கட்டி வச்ச வீடு!" என்று சொல்லி, சடையப்பன் இருந்த கிழங்கையெல்லாம் கொட்டிக் கொடுத்தது.

புது வீட்டில் இரண்டு குட்டிகள் பிறந்தன. அடுத்த வாரமே மழை பிடித்தது. ஓடை பொங்கிக் குகைக்குள் புகுந்தது. குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இருவரும் பாறைமேல் ஏறினார்கள்.

"ஏமாத்திட்டியே!" என்று மைனாவைப் பார்த்துக் கத்தியது சடையப்பன்.

"ஒரு பொய் சொன்னேனா? குளிர்ச்சி பொய்யா, வழவழப்பு பொய்யா, மணல் பொய்யா? அத்தனையும் தண்ணி செஞ்ச வேலை! தண்ணி உள்ளே வருமான்னு நீங்க கேட்கலை. கரடியார் பழத்தைத் தின்னுட்டு உங்களுக்காகவா பேசுவேன்?"

சடையப்பன் குகையை விற்றுவிடத் துணிந்தது.

குகையைக் கேட்டு நீர்நாய் ஒன்று வந்தது. கூடவே உடும்பும் வந்தது. நீர்நாய் வாயே திறக்கவில்லை. உடும்பு மட்டும் சுவரில் ஏறி இறங்கி, "இடுப்பளவு தண்ணி ஏறின கறை இருக்கு. இதுல யார் குடியிருப்பாங்க? பதினஞ்சு கிழங்கு தர்றோம்" என்றது. சடையப்பன் கெஞ்சிப் பார்த்தது. உடும்புப்பிடி தளரவில்லை. பதினைந்துக்கே முடிந்தது.

முடிந்த மறுகணம் நீர்நாய் குகைக்குள் தேங்கியிருந்த தண்ணீரில் தொபுக்கென்று குதித்தது. "அடடா! வீட்டுக்குள்ளேயே வெள்ளம், வெள்ளத்துக்குள்ளேயே மீன்! இதுக்கு நூறு கிழங்குகூடக் கொடுத்திருப்பேனே!"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று அலறியது சடையப்பன்.

"சொல்லித்தான் இருப்பார். வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்" என்றது உடும்பு.

நனைந்த குட்டிகளை அணைத்தபடி அங்கம்மை முன்னால் வந்தது. "அண்ணே, இந்தப் பதினஞ்சுக்கு மேட்டுல ஒரு வளை பார்த்துக் கொடுங்க. குட்டிங்க உடம்பு நடுங்குது. உங்க கூலிக்கு நான் உழைக்கறேன்."

"நானும் வரேன்" என்றது சடையப்பன்.

"வாங்க. வாயை மட்டும் இந்தப் பாறையிலேயே வச்சுட்டு வாங்க!" என்றது அங்கம்மை.

விற்பவரின் தரகர் இலவசமாகவே வந்தாலும், அவர் நாக்கு கூலி கொடுத்தவர் பக்கமே பேசும். நம் பக்கம் பேச நமக்கென்று ஓர் ஆள் வேண்டும்.