நாலு பத்து தபால் ரயில்

“பதினோரு வருஷமாக ஒரே நாவலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

கேட்டவர் எல்டன் பிரைஸ், பள்ளி ஆசிரியர். கேட்கப்பட்டவர் ஹார்லன் கோல்பி. கோல்பி தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆண்டு 1913. ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். கோல்பி பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதுபவர். வயது நாற்பது. புத்தகங்கள் நூற்று அறுபத்து மூன்று.

பிரைஸ் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மடியில் நாவல், பொட்டலமாக. முகவரி எழுதி, தபால் தலையும் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இனி வேண்டாம் என்று பதிப்பாளர் எழுதிவிட்டார். அன்று புதன்.

“உட்காருங்கள். ஷெரீப் இன்னும் குதிரையிலிருந்து இறங்கவில்லை.”

“எந்த ஷெரீப்? உங்கள் கதையில் ஒன்பதாம் அத்தியாயத்தில் செத்துப்போன போலீஸ் அதிகாரியா?”

“அவரேதான். மறதியாகப் பதினாலில் காபி குடிக்க வைத்துவிட்டேன். நானூறு பேர் கடிதம் எழுதினார்கள்.”

“வெட்கமாக இல்லையா?”

“நானூறு பேர், வாத்தியாரே. அவர் செத்ததை நான் மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை.”

பிரைஸ் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அவருடைய நாவலில் செத்தவர் யாரும் எழுந்து வந்ததில்லை. அவர்களுக்காக ஒரு கடிதமும் வந்ததில்லை.

நாலு மணி அடித்தது. கோல்பி தாளை உருவி உறையில் போட்டார். படித்துப் பார்க்கவில்லை.

“ஷெரீப் இறங்கிவிட்டாரா?”

“ஒரு கால் இறங்கிவிட்டது. வாருங்கள்.”

தபால் ரயில் அந்த ஊரில் நிற்பதில்லை. தண்டவாளத்தின் ஓரம் இரும்புக் கம்பத்தில் தபால் பையைத் தொங்கவிடுவார்கள். ஓடும் ரயிலிலிருந்து ஒரு கொக்கி நீண்டு அதைப் பறித்துக்கொண்டு போகும்.

பையைக் கட்டப்போன ஸ்டேஷன் மாஸ்டரைக் கோல்பி நிறுத்தினார். தன் உறையை உள்ளே போட்டார். பிறகு பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரைஸின் பக்கம் திரும்பினார்.

தூரத்தில் ஊதல் கேட்டது.

“எல்லா நாளும் இப்படித்தானா?” என்றார் பிரைஸ்.

“பதினெட்டு வருஷமாக.”

தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. பிரைஸ் பொட்டலத்தை உள்ளே போட்டார்.

பை கம்பத்தில் ஏறியது. ரயில் வந்தது. கம்பம் வெறுமையானது.

பிரைஸ் தன் கைகளைப் பார்த்தார்.

“இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தை. இப்போதுதான் சரியான வார்த்தை கிடைத்தது.”

கோல்பி அதற்குள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

“அடுத்த புத்தகத்தை அந்த வார்த்தையோடு ஆரம்பியுங்கள்.”