பலகை தெரிந்தால்தான் வேலை

அறிவு குறைந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அவர்கள் ஷிப்ட் போட்டு இருந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்து இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில், வார்ப்புக்கான மணல் கட்டிகளைச் செய்யும் கோர் அறையில்தான். அங்கே மேஸ்திரி மருதாசலம்; அவருக்குக் கீழே வெள்ளியங்கிரி, குப்புராஜ் என்று இரண்டு பேர். மேஸ்திரி பதவிக்கு வந்து எட்டு நாள் ஆகிறது; அறையை மூடினால் மறுபடி மண்வெட்டிதான்.

அங்கே மணலை அச்சில் இட்டு, டிரைஎத்தில் அமின் என்கிற திரவத்தின் ஆவியை ஊதுவார்கள். நொடியில் மணல் கல்லாகும். அழுகிய மீனின் வாடையும் பெட்ரோலின் கோபமும் உள்ள சரக்கு. ஆவி தேங்கினால் கண்ணுக்குள் நீலப் பனி இறங்கும்.

தொழிற்சாலை ஆய்வாளர் அம்மாள் ஒருவர் வந்து, ‘ஜன்னல்களைத் திறந்து வை’ என்று எழுதிய பலகையைக் கோடிச் சுவரில் மாட்டினார்.

"மெஷினடியில நின்னா இது தெளிவாத் தெரியணும். தெரிஞ்சாத்தான் வேலை. வெள்ளிக்கிழமை வருவேன். யாருக்காவது மங்கலாத் தெரிஞ்சா ரூமை மூடிருவேன்" என்றார்.

செவ்வாயன்றே வெள்ளியங்கிரிக்குப் பலகை மங்கியது.

"மேஸ்திரிங்க, எளுத்தெல்லாம் நீலத்துணிக்குள்ள நிக்குதுங்."

மருதாசலம் தாடையைத் தடவினார். "பலகை தூரம்டா. கிட்டக் கொண்டா."

கிட்டே ஆணி இறங்கக்கூடிய மரம் ஜன்னலில்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்தி அதன்மேல் அடித்தார்கள். பளிச்சென்று தெரிந்தது, மதியம் வரை.

புதனன்று குப்புராஜ், "எளுத்து பொடிசுங்" என்றான். இரண்டு மடங்கு பெரிய பலகை எழுதி அடுத்த ஜன்னலில் அடித்தார்கள். வியாழனன்று எழுதியது இன்னும் பெரியது. மிச்சமிருந்த இரண்டு ஜன்னலையும் அதுவே எடுத்துக்கொண்டது.

"இத்தன பலகை வெச்சும் பனி ஏறுதேங்க?" என்றான் வெள்ளியங்கிரி.

"மார்களி வந்திருச்சாட்ட இருக்குது."

"சித்திரையிலீங்களா?"

"எதுக்க நிக்கிற என்னையே தெரியலீங்கறே, காலண்டர மட்டும் பாத்தவனாட்டம் பேசறயே!" என்றார் மருதாசலம்.

வெள்ளியன்று அம்மாள் நுழைந்த வேகத்தில் இருமிக்கொண்டே வெளியே வந்தார். மூவரையும் இழுத்துவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ‘நச்சுக்காற்று. உள்ளே போகக் கூடாது.’ பிறகு முதலாளியிடம் பேசப் போனவர் மாலைவரை திரும்பவில்லை.

மருதாசலத்தின் கண்ணுக்கு முன்னால் மண்வெட்டியே நின்றது, அதுவும் நீலமாக. பொழுது சாயச் சாய நீலம் கரைந்தது. கதவைப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"ஏப்பா, அந்த நோட்டீஸ் தெரியுதா?"

"புள்ளி மொதக்கொண்டு தெரியுதுங். ‘உள்ளே போகக் கூடாது’ன்னு போட்டிருக்குதுங்."

"மங்கல்?"

"துளி இல்லீங்."

"அப்பறம் என்றா உக்காந்துட்டு?"

மூவரும் உள்ளே போனார்கள். அதிகாரி ஒட்டிய நோட்டீஸ் காற்றில் கிழிந்துவிடக் கூடாதே என்று கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டார்கள்.