மஞ்சள் முத்திரை போட்ட மூட்டை

முன்னொரு காலத்தில், கப்பல்கள் வரிசைகட்டி நின்ற கடற்கரை ராஜ்யம் ஒன்றை ஒரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் பசி வந்துவிட்டால் அவருக்கு நியாயமும் தெரியாது, அநியாயமும் தெரியாது. வினையெல்லாம் அந்தப் பசியில்தான் தொடங்கியது.

ஒருநாள் சுங்கச்சாவடி வழக்கு ஒன்று சபைக்கு வந்தது. ஈயத்தைச் சுட்டு எடுக்கும் பொடிகளில் சிவப்பாக இருப்பது ஈயச் செந்தூரம், மரக்கலங்களுக்குப் பூசுவார்கள். மஞ்சளாக இருப்பது மிருதாரசிங்கி. குயவர்கள் சட்டிக்கு மெருகேற்ற வாங்குவார்கள். எதை எந்த இனத்தில் சேர்ப்பது, எதற்கு எந்த வரி என்று வணிகர்கள் வாதாட, அதிகாரிகள் மறுத்துப் பேச, உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

மன்னர் பொறுமையிழந்தார். “போதும்! கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுவே சரக்கு. சிவப்புப் பொடியெல்லாம் குங்குமம், மஞ்சள் பொடியெல்லாம் மஞ்சள். என் ஆணையை மறுத்து எவனும் வாய் திறக்கக் கூடாது!” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சுங்க அமைச்சர் கனகசபேசருக்கு வாயெல்லாம் பல். ஈயப் பொடிக்குக் கடுமையான வரி உண்டு. மஞ்சளும் குங்குமமும் மங்கலப் பொருள், வரியே கிடையாது. அன்றுமுதல் வணிகர்கள் அமைச்சர் வீட்டுக் கொல்லைப்புறம் பட்டும் பவளமுமாக வந்து போனார்கள். மிருதாரசிங்கி மூட்டைகள் மஞ்சள் முத்திரையோடு துறைமுகத்தைத் தாண்டி, குயவர் தெருவுக்குப் போகாமல் நேரே மளிகைக் கடைக்குப் போயின. அயோக்கியத்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

துறைமுகத்தில் சோற்றுக்கடை போட்டிருந்தவள் பூவாயி. அவள் கிளறிய எலுமிச்சைச் சோற்றைத் தின்ற சுமைகூலிக்காரர்கள் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்கள். விசாரணைக்கு வந்த கனகசபேசர் அவள் வாங்கிய மஞ்சள் மூட்டையின் முத்திரையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டுதான், “இவள் சோற்றில் விஷம் கலந்தாள்” என்று தீர்ப்பெழுத வைத்தார். மறுநாள் மாலை தூக்கு.

அந்தச் சபையின் விகடகவி கூத்தபிரான், தினமும் காலையில் பூவாயி கடையில் சாப்பிடுகிறவன். சேதி கேட்டதும் சிறைக்கு ஓடினான்.

“அக்கா, என்னதான் போட்டே?”

“என்னத்தப் போடுவேன்? எப்பவும் போடுறதுதான். இந்த மஞ்சத்தூள் மட்டும் கையில எடுத்தா கல்லாட்டம் கனத்துச்சு. வாசனையும் இல்ல. கடைக்காரன்கிட்ட கேட்டா, ‘ராசா முத்திரையே இருக்கு, உனக்கு என்ன சந்தேகம்’னு வெரட்டுறான். முத்திரையை நம்பினது தப்பா தம்பி? எம் பசங்களாட்டம் நெனச்சு நான் சோறு போட்டவங்கடா அவங்க. அவங்களுக்கா நான் விஷம் வைப்பேன்?”

கூத்தபிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விகடகவி என்றால் கோபமே வராது என்று ஊரில் நினைப்பு. சிரிக்க வைக்கிறவனுக்குத்தான் எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றும் தெரியும். அவன் நேரே சபைக்குப் போனான்.

“மன்னா, அந்தப் பொடி...” என்று தொடங்குவதற்குள் கனகசபேசர் எழுந்தார். மன்னர் இந்தக் கோமாளியிடம் சிரித்துப் பேசுவது அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

“அரசே, மஞ்சள் பொடியெல்லாம் மஞ்சள் என்பது தங்கள் ஆணை. இவன் அதை மறுக்க வந்திருக்கிறான். அரச ஆணையை மறுப்பவனுக்கு என்ன தண்டனை என்பதைச் சபை அறியும்.”

மன்னரின் முகம் கடுத்தது. “கூத்தபிரானே, சொன்ன சொல்லை நான் திரும்பப் பெறுவதில்லை. என் ஆணையை மறுக்காமல் அவள் குற்றமற்றவள் என்று காட்ட முடியுமா? முடியாவிட்டால் அவளோடு நீயும் தூக்கு மேடை ஏறுவாய்.”

“மறுக்க மாட்டேன் மன்னா. கீழ்ப்படிய மட்டும் அனுமதி தாருங்கள். நாளை மதிய விருந்து என் பொறுப்பு.”

மறுநாள் மதியம் விருந்து மண்டபத்தில் வாழையிலைகள் விரிந்தன, முதலில் பாயசம் பரிமாறினார்கள். கூத்தபிரான் ஓர் அண்டா வெள்ளைச் சோற்றையும் பிழிந்த எலுமிச்சைச் சாற்றையும் வைத்துக்கொண்டு நின்றான். சுங்கக் கிடங்கிலிருந்து மஞ்சள் முத்திரை போட்ட மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் செய்தான்.

“அமைச்சரே, முத்திரை தங்களுடையதுதானே?”

“என்னுடையதே. உடையாத முத்திரை,” என்றார் கனகசபேசர் மிடுக்காக.

கூத்தபிரான் எல்லார் கண்ணெதிரிலும் மூட்டையை அவிழ்த்து, பொடியை அள்ளிப் போட்டுச் சோற்றைக் கிளறினான். பளபளவென்று மஞ்சள் ஏறியது. அண்டாவை அமைச்சர் பக்கம் நகர்த்தியபோதுதான் அவருக்கு உறைத்தது. கடல் கடந்து வந்த உணவுப் பொருள் எதுவானாலும், அதற்கு முத்திரை போட்டவர்தான் மன்னருக்கு முன்னால் முதல் கவளம் உண்ண வேண்டும். அது அந்த அரண்மனையின் வழக்கம்.

“உண்ணுங்கள் அமைச்சரே.”

“இன்று... எனக்கு விரதம்.”

“சற்றுமுன் பாயசம் இரண்டு முறை வாங்கினீர்களே, அது என்ன விரதம்?” என்றபடி கூத்தபிரான் ஒரு கவளத்தை உருட்டி அவர் வாயருகே நீட்டினான்.

“எடுடா கையை! ஈயத்தைச் சுட்ட பொடியடா அது! சட்டிக்குப் பூசுவதைத் தின்றால் குடல் வெந்து போகும்!” என்று அலறியபடி கனகசபேசர் இலையைத் தாண்டிக் குதித்து, பந்தியில் வழுக்கி விழுந்தார்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சபையும் சிரித்தது. கூத்தபிரான் மட்டும் சிரிக்கவில்லை. அதே கவளத்தோடு மன்னரின் இலைக்கு வந்தான்.

“முத்திரை அவருடையது. ஆணை தங்களுடையது. தாங்கள் உண்ணுங்கள் மன்னா.”

சிரிப்பு நின்றது. “என்னையே கொல்லப் பார்க்கிறாயா?”

“மஞ்சள் பொடியெல்லாம் மஞ்சள்தானே? இல்லையென்று நான் சொல்லக் கூடாது. சொன்னால் தூக்கு. அந்தச் சொல்லைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.” அவன் கவளத்தை இன்னும் அருகே நீட்டினான்.

மன்னர் இலையைப் பார்த்தார். கவளத்தைப் பார்த்தார். அவர் பசியெல்லாம் எங்கோ போய்விட்டது.

“இது மஞ்சள் இல்லை,” என்றார் மெதுவாக.

“துறைமுகம் வரை கேட்கட்டும் மன்னா.”

“இது மஞ்சள் இல்லை! என் ஆணை தவறு! பூவாயியை விடுதலை செய்யுங்கள். இந்தக் கனகசபேசரை அவள் இருந்த அறையில் போடுங்கள்!”

சுருண்டு கிடந்தவர்களிடம் அரண்மனை வைத்தியர்கள் ஓடினார்கள். பூவாயி சபைக்கு வந்தாள். மன்னர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டு, “இன்னும் என்ன வேண்டும், கேள்,” என்றார்.

“மாலையை அக்காவுக்குக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். இனிமேல் உணவென்று முத்திரை குத்துகிற ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து, அதைப் போட்டுத்தான் சுங்க அதிகாரிகளுக்கு மதியச் சோறு ஆக்க வேண்டும்.”

“நானே ஆக்கிப் போடுறேன் சாமி,” என்றாள் பூவாயி. “வயிறார, நிறையவே போடுறேன்.”

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படியே ஆகட்டும் என்றார்.

மறுநாள் சுங்கச்சாவடியில் ஒரு மூட்டைக்கு முத்திரை விழ அரை நாள் பிடித்தது. முகர்ந்தார்கள், எடை போட்டார்கள், தண்ணீரில் கரைத்தார்கள், குயவரை அழைத்துக் கேட்டார்கள். வணிகர்கள் தாமதம் தாமதம் என்று கத்தினார்கள். அதிகாரிகள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பூவாயி கரண்டியோடு காத்திருந்தாள்.