ஓலைக் கொட்டகையில் ஒரு குருவி

காட்டோரத்தில் ஒரு கோயில். அதன் கோபுரத்தின் மூன்றாம் நிலையில் வாயைப் பிளந்தபடி ஒரு யாளி. அந்த யாளியின் வாய்க்குள் குடியிருந்தது கடுகி என்ற சிட்டுக்குருவி.

பெயருக்கு ஏற்ற காரம் அதற்கு. அந்த இடத்தைப் பிடிக்க ஓணானோடு மோதியது, அணிலோடு மோதியது, ஒரு புறாவின் தலையில் கொத்தி இறகையே பிடுங்கியது. யாரும் தூக்கிக் கொடுத்த வீடு இல்லை அது.

ஐப்பசியில் கோபுரத்தைச் சுற்றிச் சவுக்குக் கழிகள் எழுந்தன. குடமுழுக்குக்காகத் திருப்பணி. ஒரு கொத்தனார் மேலே ஏறி வந்தார். யாளியின் வாயிலிருந்த வைக்கோலை இழுத்துக் கீழே போட்டார். சுண்ணாம்புச் சாந்தை அள்ளி அப்பி, வாயை அடைத்து, புதுப் பல் வைத்தார். எதிர்த்துக் கத்திய கடுகியைப் பார்த்து, "போ, போ" என்றார். நாலு வருஷ வீடு நாலு கரண்டியில் போயிற்று.

கடுகியின் வயிற்றில் முட்டை. இன்னும் ஐந்து நாள்தான் தாங்கும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அது கேட்டதெல்லாம் ஒரு சாண் இடம். 'எழுந்திரு' என்று யாரும் சொல்லாத ஒரு சாண் இடம்.

மண்டபத்துப் புறாக்களிடம் போய்க் கேட்டது. நீ எந்தக் கூட்டம் என்று விசாரித்தன. அதற்குள் ஒரு புறா தன் மொட்டைத் தலையைத் திருப்பிக் காட்டியது. கடுகி அங்கிருந்து கிளம்பியது.

இலுப்பை மரத்துக் காகம் இடம் தரச் சம்மதித்தது. இடும் முட்டையில் மூன்றுக்கு ஒன்று தனக்கு வேண்டுமாம். கடுகி விடுமா? விடாமல் பேசி, நாலுக்கு ஒன்று என்று காகத்தை இறக்கிவிட்டது. இன்னும் இறக்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான், தான் எதை வைத்துப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. வெட்கமாகிவிட்டது. பாதிப் பேச்சில் பறந்துவிட்டது.

அடுத்த மரத்துப் பொந்திலிருந்து ஆந்தை கூப்பிட்டது.

"பாவம், வயித்துப் பிள்ளையோட அலையறியே. பாதிப் பொந்து உனக்கு. வாடகை எதுவும் வேண்டாம்."

"வாடகை வேண்டாமா? அப்போ உனக்கு என்னக்கா லாபம்?"

"எனக்கென்ன லாபம்! குஞ்சு பொரிச்சதும் நானே பாத்துக்கறேன். நீ இரை தேடிட்டு நிதானமா வா."

கடுகி பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. தரையெல்லாம் சின்னச் சின்ன அலகுகள் கிடந்தன. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பறந்துவிட்டது.

இப்போது கோபம் முழுவதும் சாமி மேல் திரும்பியது. நாலு வருஷம் கோயில் மணிக்கு முன்னால் எழுந்து பாடியிருக்கிறேன், அதற்கு இதுதானா பலன், நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று கருவறைக்குள் பாய்ந்தது.

உள்ளே விளக்கு இல்லை. மாலை இல்லை. தலைகீழாகத் தொங்கிய வௌவால் ஒன்று சிரித்தது.

"யாரைத் தேடறே? அவரையே வெளிய அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. கிணத்தடிக் கொட்டகையில போய்ப் பாரு."

திருப்பணி முடியும்வரை சாமியை ஒரு சின்ன இடத்துக்கு மாற்றி வைப்பது வழக்கம். கோபுரத்திலேயே வாழ்ந்த கடுகிக்கு அது தெரியாது.

கிணற்றடியில் நாலு கழி, மேலே தென்னங்கீற்று. சுவரும் இல்லை, கதவும் இல்லை. மணலில் ஒரு மரப் பீடம், அதன்மேல் சாமியை வரைந்த பலகை, முன்னால் ஒரு அகல் விளக்கு. கூரையிலிருந்து மழைத்துளி விளக்குக்குப் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"சாமி, உனக்குமா?" என்றது கடுகி.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கழியில் ஒட்டியிருந்த பல்லியிடம், இங்கே தங்க என்ன கொடுக்க வேண்டும் என்று விசாரித்தது. தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றது பல்லி.

"சும்மா கொடுக்கிற இடத்துல கண்ணி இருக்கும். இப்பதான் ஒரு பொந்தைப் பாத்துட்டு வர்றேன்."

"கண்ணி இருந்தா அவரும் அதுக்குள்ளதானே இருக்கார்."

கடுகிக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. அரைநாள் வெளியே மழையில் நனைந்தபடி வேவு பார்த்தது. பிறகு உள்ளே வந்து, பலகைக்கு நேர் மேலே இரண்டு கீற்றுகளுக்கு நடுவில் கூடு கட்டியது. வைக்கோல் பூசைத் தட்டில் விழுந்தது. குருக்கள் அண்ணாந்து பார்த்தார். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

மூன்று முட்டைகள். மூன்று குஞ்சுகள்.

குஞ்சுகள் பொரித்த அன்றே கோயிலில் மேளம் கொட்டி அறிவித்தார்கள். ஏழாம் நாள் குடமுழுக்கு. சாமி உள்ளே போனதும் கொட்டகையைப் பிரித்துவிடுவார்களாம். குஞ்சுகள் பறக்கப் பதினைந்து நாளாவது வேண்டும்.

காகம் விழுந்தடித்து வந்து சேர்ந்தது.

"அவருக்கு வீடு தயார். உனக்கு? அன்னைக்கே என்கிட்ட முடிச்சிருந்தா ஒண்ணோட போயிருக்கும். இப்ப மூணுமில்ல போகுது."

காகம் போன பிறகு கடுகி விளக்கின் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் இல்லாமல் பேசியது.

"சாமி, பாடினதுக்குக் கூலி கேக்கல. உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. நீ போற இடத்துக்கு இதுங்களால பறந்து வர முடியாது. அவ்வளவுதான்."

அப்போதும் விளக்கு மட்டும் எரிந்தது. கடுகி கூட்டுக்குத் திரும்பிக் குஞ்சுகளை அணைத்துக்கொண்டது. எப்போதும் ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்குகிற குருவி, அன்று இரண்டு கண்ணையும் மூடியது.

மழை பிடித்தது. விடாமல் மூன்று நாள் பெய்தது. ஆறாம் நாள் தலைமைச் சிற்பி கோபுரம் ஏறினார். யாளியின் வாயில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"காயல," என்றார்.

குடமுழுக்கு பத்து நாள் தள்ளிப் போயிற்று.

மழைதான் காரணம் என்றது காகம். கலவை சரியில்லை என்றது வௌவால். கடுகி யாரோடும் வாதாடவில்லை. "எம்பிள்ளைகளுக்கு இறக்கை முளைக்கிற வரைக்கும் அவரும் ஓலைக்குள்ளயே உக்காந்திருந்தார். எனக்கு அது போதும்," என்றது.

பதினேழாம் நாள் குடமுழுக்கு நடந்தது. சாமியை உள்ளே கொண்டுபோன கூட்டத்துக்கு மேலே, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மூன்று குஞ்சுகளும் பறந்தன. பிற்பகலில் ஆட்கள் கீற்றைப் பிரித்தார்கள். வெறுங்கூடு மணலில் விழுந்தது. கடுகி உட்கார்ந்திருந்த கழியையும் பிடுங்கினார்கள். "போ, போ" என்றார்கள்.

கடுகி மேலே பறந்தது. யாளிக்குப் புதுப் பல், புதுச் சாயம். வாய் அடைத்தது அடைத்ததுதான். தனக்கென்று இன்னும் ஒரு சாண் இடம் கிடைக்கவில்லை. மழைமேகம் கிழக்கே நின்றுகொண்டுதான் இருந்தது. அந்த ஒரு சாண் இடத்துக்கான ஏக்கமும் நெஞ்சில் இருந்தது. பயம் மட்டும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

கீழே கருவறையில் விளக்கேற்றும் மணி அடித்தது. கடுகி யாளியின் மூக்கில் உட்கார்ந்து பாடத் தொடங்கியது.

கூரை கையைவிட்டுப் போகலாம், ஆனால் கூரையற்றவரோடு தானும் ஓலைக்குள் வந்து உட்காரும் கடவுளின் நிழலிலிருந்து 'எழுந்திரு' என்று யாரும் நம்மை விரட்ட முடியாது.