பின்னால் நின்றவர்

"பயம் எப்போ போகும், மேடம்?"

டாக்டர் ஜெபக்கனி அவித்த பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து, நாரை உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கெல்லாம் எப்பவோ போயிருக்கும்ல?"

ஜெபக்கனி அடுத்த கிழங்கை எடுத்தார்.

கேட்டவள் டாக்டர் தமயந்தி. மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான். ஜெபக்கனி இவளைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் இவளுக்கு அவர்தான் குரு. பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் தாமதமாக மேல்படிப்பு முடித்து வந்தவளைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கியவர்.

நாளைக்கு அவர் மாற்றலாகிப் போகிறார். அதன்பிறகு தமயந்தி மட்டும்தான்.

"நான் வேலையை விட்டுடறேன், மேடம்."

"விட்டா?"

"வேற யாராவது வருவாங்க."

"வர்ற வரைக்கும்?"

தமயந்திக்குத் தெரியும். அதுவரைக்கும் பிரசவ வார்டைப் பூட்டிவிடுவார்கள். வலி எடுத்தவள் மலையைச் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். போய்ச் சேருவாளா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

"என்னைக் கண்டுபிடிச்சிருவாங்க, மேடம்."

"என்னன்னு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. இதுவரைக்கும் நல்லபடியா நடந்ததெல்லாம் நீங்க பக்கத்துல இருந்ததால நடந்தது. நான் சும்மா கோட்டு மாட்டிக்கிட்டு நடிச்சிட்டிருக்கேன். ஒருநாள் ஒருத்தி என் கையில செத்துப்போவா. அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

ஜெபக்கனி அவள் கையில் ஒரு துண்டு கிழங்கை வைத்தார். அவள் அதை வாயில் போட்டு மென்றாள்.

"வார்டுல உன்னை எப்படிக் கூப்பிடுறாங்க?"

"சிஸ்டர்னு."

நம் ஊர் வழக்கம் அது. ஆஸ்பத்திரிக்குள் நடமாடுகிற பெண் யாராக இருந்தாலும் சிஸ்டர்தான். பேன்ட் போட்ட ஆண் என்றால் ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவராக இருந்தாலும் எழுந்து நின்று, டாக்டர் சார் என்பார்கள்.

"நீ திருத்துறதில்லையா?"

"இல்ல மேடம். சிஸ்டர்னு கூப்பிட்டா நிம்மதியா இருக்கு."

"டாக்டர்னு கூப்பிட்டா?"

"திரும்பிப் பார்ப்பேன். பின்னால யாரோ நிக்கிறாங்க, அவங்களைத்தான் கூப்பிடுறாங்கன்னு தோணும்."

ஜெபக்கனி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவையும் திரும்பிப் பாரு. யாரு நிக்கிறாங்கன்னு எனக்கு வந்து சொல்லு. அப்புறமா வேலையை விடலாம்."

தமயந்திக்கு எரிச்சலாக வந்தது. உயிர் போகிற பயத்தைச் சொன்னால் விடுகதை போடுகிறாரே என்று நினைத்தாள்.

வாயைத் திறப்பதற்குள் பிரசவ அறையிலிருந்து நர்ஸ் குளோரியின் அலறல் கேட்டது.

"டாக்டர்! தலை வந்துருச்சு, தோள் வரல!"

தமயந்தி ஓடினாள்.

அறை வாசலில் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சிஸ்டர், டாக்டரம்மா வந்துட்டாகளா? எம்மவ கத்துதாளே!"

"வந்தாச்சு," என்று கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தையின் தலை வெளியே வந்து, ஆமைத் தலை மாதிரி மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. முகம் நீலம் பாரித்திருந்தது. தாமதித்தால் குழந்தை இல்லை. தாயின் உயிருக்கும் உறுதி இல்லை.

தமயந்திக்குக் கையுறையில் விரல் நுழைய மறுத்தது. எப்படியோ மாட்டினாள்.

"குளோரி, காலை ரெண்டையும் மடக்கி வயித்தோட சேர்த்துப் பிடிங்க. தலையை யாரும் இழுக்காதீங்க. ஆயாம்மா, உள்ளங்கையால அடிவயித்துல, இங்க, இங்க அமுக்குங்க."

வரவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

வரவில்லை.

பெண் கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தாயி, முக்காத. என்னைப் பாரு. நான் இருக்கேன்ல."

தன் வாய்தான் அதைச் சொன்னது என்று தமயந்திக்கே தெரியாது. கையை உள்ளே விட்டுத் தேடினாள். வழுக்கியது. மறுபடி தேடினாள். சின்னதாக ஒரு முழங்கை தட்டுப்பட்டது. அதை மடக்கி, குழந்தையின் மார்போடு ஒட்டிக் கொண்டுவந்து, மெல்ல வெளியே எடுத்தாள். அந்தக் கையைத் தொடர்ந்து தோள் வந்தது. தோள் வந்ததும் குழந்தை முழுசாக வழுக்கி அவள் கையில் விழுந்தது.

குழந்தை அழவில்லை.

துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை வைத்து, அதன் காற்றுப்பையை அமுக்கி மூச்சு கொடுத்தாள். அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஒரு சிணுங்கல் கேட்டது. அப்புறம் வீல் என்று ஒரு அழுகை.

வெளியே நின்ற அம்மாளும் சேர்ந்து அழுதாள். தமயந்தி சுவரில் சாய்ந்தாள்.

"பின்னால யாரு நின்னாங்க?"

குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் கையுறை மாட்டியிருந்தார்.

"எப்போ வந்தீங்க, மேடம்?"

"உன்கூடவேதான் ஓடி வந்தேன்."

"நான் பார்க்கலையே!"

"பயம் எப்போ போகும்னு கேட்டியே," என்று ஜெபக்கனி கையுறைகளைக் கழற்றினார். வெளிப்பக்கம் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. உள்பக்கம் வெளியே வர உருவியபோது, வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.